கரி பஸ்ஸும் என் இடது காலும்

கையை நீட்டுவதும் ஒரு வேலையா என்று என் மைத்துனன் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டான். பந்தி முழுக்கச் சிரித்தது. பக்கத்து இலைக்காரருக்குச் சிரித்ததில் பாயசம் புரையேறி, நான்தான் தலையில் தட்டிவிட்டேன்.

"வண்டி வருது, கையக் காட்டுறீங்க, நிக்கிது. போன்னு சொல்றீங்க, போகுது. இதுக்கு ஒரு தலப்பா, ஒரு பெல்ட்டு. குடுத்து வச்சவரு மச்சான் நீங்க!"

"ஒருநாள் வந்து நின்னு பாரு மாப்ள, அப்பறம் பேசு" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அன்று அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது. அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இருந்தாலும் சொல்லியே தீருவேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது, பயப்பட ஒரு மேலதிகாரியும் இல்லை. பிறகென்ன?

நான் கான்ஸ்டபிளாக இருந்தபோது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். எல்லையைத் தாண்டினால் அறந்தாங்கிப் பக்கம் வெள்ளைக்காரன் சீமை. இரண்டுக்கும் நடுவே வருகிற ரோட்டில், ஒரு கண்மாய்க் கரை இறங்குகிற இடத்தில், எங்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. அங்கிட்டிருந்து வருகிற வண்டியை நிறுத்த வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருக்கிறானா, நெல் அரிசி கடத்துகிறானா என்று பார்க்க வேண்டும். ஊரார் எனக்குப் பயந்தோ, என்னைக் குளிர வைக்கவோ, 'ஏட்டய்யா' என்று கூப்பிடுவார்கள். நான் ஏட்டு இல்லை. திருத்தவும் மாட்டேன். கேட்க நன்றாகத்தானே இருந்தது!

நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினால் நின்றுவிடுவார்களா? மாட்டு வண்டிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்ததும் மாட்டை அடிக்கிற சாக்கில் சாட்டையைச் சுழற்றினான். இதோ, இடது காதின் நுனி கிழிந்திருக்கிறது, தொட்டுப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம். "மாட்டத்தானே அடிச்சேன், நீங்க ஏன் காதக் கொண்டாந்து வச்சீங்க?" என்று கேட்டான் படுபாவி. பெரிய வீட்டுக் கார் ஒன்று வரும். திரை போட்ட கார். அது எனக்காக ஒருநாளும் நின்றதில்லை. ஒருமுறை ஜன்னல் வழியாக வெற்றிலை எச்சில் வந்து என் சட்டையில் விழுந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சைக்கிளில் பிரேக் இல்லாமல் வந்து என் வயிற்றில் முட்டி நிறுத்தினார். பாவம், அவர் மட்டும் மன்னிப்புக் கேட்டார்.

எங்கே நிற்பது என்பதில்தான் எனக்கும் இன்ஸ்பெக்டருக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. ரோட்டு ஓரத்தில் நிற்கிறேன் என்றேன். "ஓரத்துல நின்னா பிச்சைக்காரன்னு நெனச்சுப் போயிருவான். நடுரோட்டுல நில்லுய்யா. ஒன் ஒடம்பத் தாண்டி வண்டி போகக் கூடாது" என்றார். சரி, நடுவிலேயே நிற்கிறேன், ஆனால் கரை இறக்கத்தின் அடியில் வேண்டாம், இன்னும் அரை பர்லாங் தள்ளிக் கிணற்றடியில் ரோடு மேடேறுகிறது, அங்கே வண்டி தானாகவே மெதுவாகும், அங்கே நிற்கிறேன் என்றேன். கொட்டகை இங்கே இருக்கிறது, நீ அங்கே நிற்பாயா என்று கேட்டார். கொட்டகை என்ன கல்லில் கட்டிய கோயிலா, நாலு கம்பும் கீற்றும்தானே, தூக்கி நட்டால் ஆயிற்று என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸல்யூட் அடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு சண்டை வந்தது. ஜெர்மனியில் நடக்கிற சண்டைக்கு எங்கள் ஊர் பஸ் என்ன பாவம் செய்ததோ, பெட்ரோல் இல்லாமல் போயிற்று. மூன்று பஸ் ஓடிய ரோட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதற்கும் பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம்மை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கரி பஸ். கிளீனர் நின்றுகொண்டு ஒரு கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றினால்தான் அடுப்புப் பற்றும். நின்ற இடத்தில் அது அணைந்துபோனால் மறுபடி கிளம்ப அரை மணி நேரம். அதனால் டிரைவருக்கு வண்டியை நிறுத்துவதென்றாலே உயிர் போகும். நிறுத்த நினைத்தாலும் நிற்காது. பிரேக்குக்கு மாற்றுச் சாமான் எங்கிருந்து வரும்? அதெல்லாம் சண்டைக்குப் போய்விட்டது.

இங்கேதான் கட்டை வருகிறது. முக்கோணமாகச் செதுக்கிய ஒரு புளியங்கட்டை, சங்கிலியில் கட்டி பஸ்ஸின் பின்படிக்கு மேலே தொங்கும். கண்மாய்க் கரை உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியதும், கிளீனர் கட்டையோடு குதித்து வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வருவார். டிரைவர் பிரேக்கை மிதித்து வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். கிளீனர் சரியான நேரம் பார்த்துப் பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுவார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கும். என் மார்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டியபடி நிற்பேன். கிளீனருக்கு நாற்பது வயதுக்கு மேல், நரைத்த மீசை, நல்ல ஓட்டக்காரர். என் உயிர் அவர் கையில்தான் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஒரே பஸ் என்றால் கூட்டம் எப்படி இருக்கும்? இருபது பேர் என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். உள்ளே முப்பது பேர். மேலே கட்டுமாவடி மீன்கூடை. நான் ஏறித் தலையை எண்ணுவேன். இருபதுக்கு மேலே ஒரு தலை இருந்தாலும் எழுத வேண்டும். ஆனால் நான் எண்ணும்போது சரியாக இருபதுதான் இருக்கும். எப்படி? கண்மாய்க் கரைக்கு முன்னாலேயே, பனைமரத்தடியில், கூடுதலாக வந்த பத்துப் பேரும் இறங்கிவிடுவார்கள். உடைமரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை உண்டு. அதில் சுற்றி நடந்து எங்கள் கொட்டகையைத் தாண்டிக் கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள். பஸ் நான் போகச் சொன்னதும் அங்கே போய் ஏற்றிக்கொள்ளும். ஜனங்கள் இதற்குப் 'போலீஸ் நடை' என்று பேரே வைத்துவிட்டார்கள். "போலீஸ் நடையோட சேத்து ஒன்றரை மணி நேரத்துல போயிரலாம்" என்று ஊர்க்காரர்கள் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். காட்டுக்குள் ஒரு குடை தனியாக மிதந்து போகும். அதற்குப் பின்னால் ஒரு தலைச்சுமை. பிள்ளை அழுகிற சத்தம், "சும்மா இரு, போலீசு நிக்கிது" என்று அதட்டுகிற சத்தம். நான் கண்மாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஒரே பஸ், அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். நோட்டில் 'இருபது, சரி' என்று எழுதுவேன். மீனும் வாங்கியிருக்கிறேன். இரண்டு தடவை. கூடைக்காரர் கொடுத்தார், கை நீட்டி வாங்கிக்கொண்டேன். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் மீன் வருகிறது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. முற்பகல், வெயில் ஏறிவிட்டது. பஸ் கரை உச்சியில் தெரிந்தது. நான் நடுரோட்டில் போய் நின்று கையை நீட்டினேன். வண்டி இறங்கத் தொடங்கியது. கிளீனர் குதிப்பதற்காகப் பார்த்தேன். யாரும் குதிக்கவில்லை. பாதி இறக்கம் வந்துவிட்டது. அப்போதும் யாரும் ஓடி வரவில்லை. டிரைவர் ஹார்ன் பந்தைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அவர் முகத்தைப் பார்த்தேன், வாயைத் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

ஏன் உடனே விலகவில்லை என்று என்னைக் கேட்காதவர் இல்லை. கையை இறக்கினால் நாளைக்கு எவன் நிற்பான் என்ற வீம்பு. வேறொன்றும் இல்லை, வீம்புதான். கடைசி நொடியில் பாய்ந்தேன். உடம்பு பாய்ந்துவிட்டது, இடது கால் பாயவில்லை. முன் சக்கரம் அதன் மேல் ஏறி, கொட்டகைக் கம்பில் போய் இடித்து நின்றது. டிரைவர் குதித்து வந்து என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "ஐயோ, நிக்கலய்யா, நிக்கவே இல்லய்யா" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுததை நான் மறக்கவில்லை. பிறகு அவர் சொன்ன பொய்யையும் மறக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கையில் ஒரு காகிதம், முன்பே எழுதித் தயாராக.

"பஸ் மொதலாளி ஒரு மாதிரி எழுதிக் குடுத்திருக்காருய்யா. வண்டி நல்லா நின்னுச்சாம், பிரேக்கு நல்லா இருந்துச்சாம், கிளீனர் படியில கட்டையோட நின்னாராம். வண்டி மறுபடி கெளம்புறப்ப நீ மீனு எடுக்கப் பின்னாடி ஓடி, தவறிச் சக்கரத்துல விழுந்தியாம்."

"மீனா?"

"டிரைவரும் கிளீனரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அது மேல போனா ஒன் வேலை போயிரும். அதான் நான் வேற மாதிரி எழுதியிருக்கேன். கால் தவறி விழுந்தேன், யார் மேலயும் குத்தமில்லன்னு. இதுல கையெழுத்துப் போடு. ஒன்னய ஸ்டேஷன்ல எழுத்து வேலைக்கு உக்கார வைக்கிறேன். போலீஸ் லைன் வீடும் போகாது. ஒத்தக் காலோட வேற எங்க போவ? யோசிச்சு வையி, நாளன்னிக்கு வாரேன்."

அவர் போனதும் நான் கத்தின கத்தலில் கம்பவுண்டர் ஓடி வந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன்சட்டி அடுப்பில் ஏறாது என்று ஊருக்கே தெரியும்! வெள்ளிக்கிழமை மீனுக்கு நான் ஓடினேனாம்! கால் போன வலியைவிட அந்த மீன் வலித்தது. விசிறிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி விசிறியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கிளீனரு பஸ்ல இல்லீங்க" என்றாள்.

"என்ன சொல்ற?"

"அன்னிக்கு நானும் அந்த பஸ்லதான் வந்தேன். ஆத்தா வீட்லேருந்து."

அவள் பிறந்த ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். போனவள் சனிக்கிழமைதான் திரும்புவாள் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமையே கிளம்பி, கூடுதல் ஆட்களில் ஒருத்தியாக ஏறி, பனைமரத்தடியில் எல்லோருடனும் இறங்கியிருக்கிறாள். அவள் தாய் கொடுத்தனுப்பிய கடலை மூட்டை தலையில். கிளீனர் பார்த்திருக்கிறார். ஏட்டய்யா சம்சாரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடப்பதா?

"'குடுங்கக்கா, நீங்க செமக்கிறதா, ஏட்டய்யா பாத்தா என்ன நெனைப்பாரு'ன்னு மூட்டையப் புடுங்கித் தன் தலையில வச்சுக்கிட்டாரு. வேணாம், நீங்க வண்டியோட போங்கன்னு ரெண்டு தடவ சொன்னேங்க. 'இருக்கட்டும், டிரைவரு பாத்துக்குவாரு'ன்னாரு. பாதிக் காடு தாண்டுறப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. மூட்டையப் போட்டுட்டு ஓடினாரு. நானும் ஓடியாந்தேன்."

விபத்து நடந்த இடத்துக்கு அவள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை வர வேண்டியவள் வெள்ளிக்கிழமை எப்படி அங்கே வந்தாள் என்று வலியில் இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

கையில் கிடைத்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவளைத் திட்டினேன். என்னவெல்லாமோ திட்டினேன், இங்கே எழுத முடியாது. அவள் சிதறிய பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திட்டி முடித்த பிறகுதான் புத்தியில் பட்டது. அந்த மூட்டையை அவர் தூக்கியது அவளுக்காக இல்லை. எனக்காக. தலைப்பாகைக்காக. காட்டுக்குள் குடை போகும்போது கண்மாய்ப் பக்கம் திரும்பி நிற்கிற இந்த நல்ல மனுஷனுக்காக. என் காலில் ஏறியது நான் அனுமதித்த பஸ். வெட்கமாக இருந்தது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

"நான் போயிச் சொல்றேங்க, அதிகாரிகிட்ட" என்றாள் அவள்.

"சொன்னா என்னாகும் தெரியுமா? கான்ஸ்டபிள் பொண்டாட்டியே திருட்டு நடை நடந்தான்னு என் சீட்டக் கிழிச்சிருவான். கையெழுத்துப் போட்டா வேலையாவது மிஞ்சும்."

"ஒங்க இஷ்டம்" என்றாள். விசிறியை எடுத்துக்கொண்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குக் கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். எழுத்து வேலை, உட்கார்ந்த இடம், லைன் வீடு. ஒற்றைக் காலோடு வேறெங்கே போவேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டது உண்மைதானே? மறுநாள் சாயங்காலம் என்னைப் பார்க்க ஒருவர் வராமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

என் இடத்தில் இப்போது நிற்கிற கான்ஸ்டபிள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாலும் பெண் பிள்ளைகள், ஒன்றுக்கும் கல்யாணம் ஆகவில்லை. வலது காது கேட்காது. அது மேலே தெரிந்தால் வேலை போய்விடும் என்று எல்லோரிடமும் இடது பக்கமாகத் திரும்பி நின்று பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இல்லாத காலைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். வண்டி எறங்குறப்ப நான் எங்கிட்டு நிக்கிறது?"

"அண்ணே?"

"நடுவுல நில்லுன்றாரு இன்ஸ்பெக்டரு. வண்டி நிக்கலன்னா ஓடித் தப்பிச்சிருவமா, மாட்டமா? எனக்குக் கொம்பு ஊதுனாலும் சரியா வெளங்காது. நீ நின்ன எடமாச்சே, ஒனக்குத் தெரியும்னு வந்தேன். எங்கிட்டு நின்னா தப்பிக்கலாம்?"

எங்கே நின்றாலும் தப்பிக்க முடியாது அண்ணே என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? 'கால் தவறி விழுந்தேன், யார் மேலும் குற்றமில்லை' என்று நான் எழுதிக் கொடுத்தால் பிரேக் நல்ல பிரேக். இறக்கம் நல்ல இறக்கம். கொட்டகை அதே இடத்தில். நாளைக்கு அவர் அங்கே நிற்பார், கேட்காத காதோடு. என் கையெழுத்து என் வீட்டைக் காப்பாற்றும், அவர் காலை எடுக்கும்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பெரிய அதிகாரி முன்னால பேசிக்கிறேங்க" என்றேன். "கெட்டுப் போகாதய்யா" என்றார். கெட்டுப் போக இனி என்ன பாக்கி என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டுமே.

விசாரணை ஸ்டேஷன் தாழ்வாரத்தில் நடந்தது. பெரிய அதிகாரிக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். என்னை ஒரு நாற்காலியோடு தூக்கிவந்து ஓரத்தில் வைத்தார்கள். பஸ் முதலாளி ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார். பயணிகள் என்று ஆறு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆறு பேருமே பஸ்ஸுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்களாம், ஆறு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். குடைக்காரர் ஒருவர். காட்டுக்குள் போகிற அந்தக் குடையை அன்றுகூடக் கக்கத்தில் வைத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டு என்ன ஆகிறது? அந்த ஒரே பஸ்ஸை விட்டால் அவர்கள் சந்தைக்கு எதில் போவது?

கிளீனர் வந்தார். படியில் நின்றேன், கையில் கட்டை இருந்தது என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேற யாராச்சும் பேசணுமா?" என்று அதிகாரி கேட்டார். கேட்கிற பாவனையில்தான் கேட்டார், பேனாவை மூடிவிட்டார்.

"நான் பேசணுமுங்க எசமான்" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் என் பெண்டாட்டி படியேறி வந்தாள்.

"நீ யாரும்மா?"

"அந்தா ஒக்காந்திருக்காருல்ல, அவரு சம்சாரம். அன்னிக்கு பஸ்ல இருபது பேருன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அந்த இருபதுல இல்லீங்க. எறங்கிக் காட்டு வழியா நடந்தவங்கள்ல நான் ஒருத்தி. எங்கூடத்தான் கிளீனரும் நடந்தாரு, எம்மூட்டையச் செமந்துக்கிட்டு."

பஸ் முதலாளி எழுந்துவிட்டார். "புருஷனுக்காகப் பொம்பள என்ன வேணா சொல்லும்!"

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். கரி அப்பிய துண்டு, ஓரத்தில் ஒரு ஓட்டை. "மூட்டைக்கு அடியில சும்மாடு வச்சிருந்தாரு. போட்டுட்டு ஓடுனப்போ மூட்டையோட கெடந்துச்சு. படியில நின்ன ஆளு துண்டு காட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேளுங்க."

கிளீனர் மெதுவாக மேஜை அருகே வந்தார். துண்டை எடுத்தார், மடித்தார், தோளில் போட்டுக்கொண்டார். "என்னோடதுதாங்க. அக்கா சொல்றது நெசம்" என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"ஜனங்க இப்படி எறங்கி நடக்குறது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எத்தன நாளா?"

"கரி வண்டி வந்த நாள்லேருந்து. தெரிஞ்சுதான் விட்டேன்."

"மீன் வாங்குவியா?"

"ரெண்டு தடவ வாங்கியிருக்கேன். அன்னிக்கு இல்லீங்க. அன்னிக்கு வெள்ளிக்கெழம."

யாரோ சிரித்தார்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது.

"எனக்கு என்ன தண்டன குடுத்தாலும் சரிங்க. எறக்கத்துல மட்டும் ஆள நிறுத்தாதீங்க. கெணத்தடி மேட்டுல நிறுத்துங்க. அங்கன வண்டி தானா மெதுவாகும். இது நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே கேட்டது. ஒரு கால் போன பெறகு மறுபடி கேக்குறேன். கீத்துக் கொட்டகைக்காக இன்னொரு கால் வேணாமுங்க."

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிரேக்கைச் சரி செய்யும்வரை பஸ் ஓடக் கூடாது. கொட்டகையைக் கிணற்றடிக்கு மாற்ற வேண்டும். என்னை வேலையிலிருந்து நீக்கியாயிற்று, தெரிந்தே விதி மீறலுக்கு இடம் கொடுத்ததற்காக. லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு, ரோட்டோரத்து ஊரில் ஒரு மண்வீட்டுக்குப் போனோம். என் மைத்துனன் வந்து சாமான் ஏற்றினான். "பொய்யே சொல்லியிருக்கலாம் மச்சான்" என்றான். "ஒனக்கு வெளங்காது, மூட்டையத் தூக்கு" என்றேன்.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். காது கேட்காத அண்ணன் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் நிற்பது சௌகரியமாக இருக்கிறது என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "போலீஸ் நடை மறுபடி ஆரம்பிச்சிருச்சு தம்பி. இப்பக் கெணத்தயும் சேத்துச் சுத்திப் போறாக. பாத தூரமாயிருச்சு, அவ்வளவுதான். கிளீனரும் சில நாளு அவுககூட நடக்குறாரு."

எனக்கு வந்த கோபம் அப்படி இப்படி இல்லை. என் கால் எதற்குப் போயிற்று? இவர்கள் சுற்றுப் பாதையை நீட்டிக்கொள்ளவா? மறுநாள் கட்டைக்காலை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெண்டாட்டி வீட்டில் இல்லை, தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் தடுத்திருப்பாள். கிணற்றடிக்குப் போய், பஸ் வருகிற நேரம் பார்த்து, நடுரோட்டில் நின்றேன். வேட்டியும் துண்டும்தான் உடம்பில். காக்கி இல்லை, தலைப்பாகை இல்லை.

"தம்பி, நகரு, எனக்கு வேலை போயிரும்" என்று அண்ணன் கெஞ்சினார்.

"ஒங்க காலு போகாதுண்ணே. கம்முனு நில்லுங்க."

காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடை வரட்டும், தலைச்சுமை வரட்டும், ஒவ்வொருத்தரையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடுவது என்று இருந்தேன். ஒரு குடையும் வரவில்லை. காடு சும்மா கிடந்தது. பஸ் மட்டும் கரையில் இறங்கி மேட்டில் ஏறி வந்தது. கையை நீட்டினேன். அதே கை. கிளீனர் குதித்தார், ஓடி வந்தார், கட்டையைச் செருகினார். வண்டி நின்றது.

புது டிரைவர் தலையை நீட்டினார். "யாருய்யா நீ? எந்த அதிகாரத்துல நிப்பாட்டுற?"

"இந்தக் காலோட அதிகாரத்துலதான்" என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினேன். "எண்ணப் போறேன். தள்ளு."

படியில் ஏற முடியவில்லை. ஜன்னல் ஜன்னலாக வெளியிலிருந்தே தலையை மட்டும் எண்ணினேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. யாரும் காட்டுக்குள் இறங்கவே இல்லை. குடைக்காரர் கடைசி ஜன்னலில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு.

"என்னய்யா, யாரும் எறங்கலயா இன்னிக்கு?"

குடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "பனைமரத்தடியில ஒரு ஆளு எறங்க மாட்டேன்னுருச்சு ஏட்டய்யா. வண்டி நின்னா நிக்கட்டும், நான் இந்தப் பாதையில இனி நடக்க மாட்டேன், எண்ணுறவங்க எண்ணட்டும்னு ஒக்காந்திருச்சு. அந்தப் பொம்பளப் புள்ளயே ஒக்காந்திருக்கப்ப நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறங்குறது?"

அதற்குள் அந்த ஆள் படியில் இறங்கிவிட்டாள். இடுப்பில் கடலை மூட்டை.

"கூடுதல் ஆளுல நான் ஒண்ணு. எழுதிக்கங்கண்ணே" என்று அண்ணனிடம், அவருக்குக் கேட்கிற காதின் பக்கமாகப் போய் நின்று, சத்தமாகச் சொன்னாள் என் பெண்டாட்டி. அண்ணன் நோட்டை எடுத்தார். எழுதிக்கொண்டார். குடைக்காரரும் பேர் கொடுக்க இறங்கினார். அவர் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

கிளீனர் ஓடி வந்து மூட்டைக்குக் கையை நீட்டினார். "குடுங்கக்கா, நான் தூக்கியாரேன்."

"நீங்க கட்டையப் பாருங்க" என்றாள் அவள். மூட்டையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்கு ஒரு மைல். காட்டுப் பாதையில் போகவில்லை. பஸ்ஸைப் போகவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் நடுரோட்டிலேயே நடந்து போனோம்.